கல்லூரிச் சட்டமும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

நம்முடைய பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆலைத் தொழிலாளியின் மகன் பி.காம். படிக்கிறான். நடவு நடுகிற தாயின் மகள் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இது கனவு, இன்று நடப்பு. 2021-22ஆம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் எடுத்த உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை 100க்கு 47. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 28தான். இது யாரும் போட்ட பிச்சையல்ல. பள்ளிக்கூடம், மதிய உணவு, இட ஒதுக்கீடு, பஸ் பாஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் போராடியும் ஜனங்கள் பெற்ற பலன்.

ஆனால் தோழர்களே, வாசல் திறந்துவிட்டது என்பதோடு காரியம் முடிந்துவிட்டதா? உள்ளே போன பிள்ளை பட்டத்தோடு வெளியே வர வேண்டாமா? உள்ளே ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. எத்தனை நாள் வர வேண்டும், எதற்கு எத்தனை மார்க்கு, யார் போடுவது, தவறிப்போனால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் அடக்கம். அந்தப் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஆலைத் தொழிலாளிக்கு நிலையாணை என்றால் என்னவென்று தெரியும். எத்தனை நிமிஷம் பிந்தினால் பிந்தியதாகக் கணக்கு, என்ன லீவு உண்டு, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, தண்டிக்கும் முன் எப்படி விசாரிக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் முதலாளிக்குக் கட்டளையிட்டது. எழுதினால் போதாது, தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் பாஷையில் ஆலை வாசலில் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஏன்? எழுதாத சட்டம் மேஸ்திரியின் வாயில் இருக்கும். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் ஒன்று சொல்வான். எழுதி ஒட்டிய சட்டத்தைக் காட்டித்தான் "இது நியாயமா?" என்று கேட்க முடியும்.

வகுப்பறைக்கும் இதே நியாயம் வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

75 என்ற கணக்கு

செமஸ்டர் என்பது அரை ஆண்டுப் படிப்பு. சுமார் 90 வேலை நாட்கள். அதில் 100க்கு 75 ஹாஜர் இருக்க வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் காரணம் எழுதிக் கொடுத்து, பணமும் கட்டிப் பரீட்சை எழுதலாம். 50க்கும் 65க்கும் நடுவில் என்றால் அந்த முறை பரீட்சை கிடையாது, அடுத்த முறைதான். 50க்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். நம் கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பில் உள்ள விதி இது.

நாள் கணக்கில் சொல்கிறேன். 90 நாளில் 68 நாள் வர வேண்டும். 22 நாள் வராமல் இருக்கலாம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரிகிறது. இனி, டெல்டாப் பகுதியில் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். சம்பா நடவு நடக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி. கூலியை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. வாரத்துக்கு 3 நாள் வீதம் 6 வாரம் மகள் நடவுக்குப் போகிறாள். 18 நாள் போயிற்று. நடுவில் காய்ச்சல் வந்து 5 நாள் படுத்தாள். மொத்தம் 23. அவள் ஹாஜர் 67 நாள். ஒரே ஒரு நாள் குறைகிறது. போட்டுவிட்டார்கள் பணம்! காய்ச்சலோடு நட்ட கூலியில் அதையும் எடுத்துக் கட்ட வேண்டும்.

அதே வகுப்பில் வசதியுள்ள வீட்டுப் பையனும் 23 நாள் வரவில்லை. கல்யாணம், சுற்றுலா, திருவிழா. அவனும் அதே பணத்தைக் கட்டுகிறான். அது அவனுக்கு ஒரு வேளை ஓட்டல் செலவு. மருத்துவச் சான்றிதழ் வேண்டுமா? அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். அந்தப் பெண்ணால் என்ன காரணம் எழுதிக் கொடுக்க முடியும்? "நடவுக்குப் போனேன்" என்று எழுதினால் எந்த அலுவலகம் வாங்கும்? காய்ச்சல் காரணமாகும், விளையாட்டுப் போட்டி காரணமாகும்; வயிற்றுப்பாடு மட்டும் காரணமாகாது! விதி இருவருக்கும் ஒன்றுதான். சுமை ஒன்றா?

இன்னொன்றையும் கேட்கிறேன். பணம் கட்டிவிட்டால், வராத நாளின் பாடம் தலைக்குள் ஏறிவிடுமா? படிப்பில் பள்ளம் விழுந்திருக்கிறது என்றுதானே ஹாஜர் கேட்கிறீர்கள்? பள்ளத்தை மண் போட்டு அல்லவா மூட வேண்டும்? ரசீது போட்டு மூடலாமா?

இது மட்டுமா? பல இடங்களில் உள்மதிப்பீட்டிலும் ஹாஜருக்கென்று தனியாக 5 மார்க்கு இருக்கிறது. ஆக, ஒரே குறைக்குப் பணமும் போகிறது, மார்க்கும் போகிறது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்றால் ஆலையில் ஒப்புக்கொள்வோமா?

ஹாஜர் விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பு நம் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. மற்றவர்களுக்கு வீட்டில் படித்த அப்பா உண்டு, டியூஷன் உண்டு, புத்தக அலமாரி உண்டு. நம் பிள்ளைக்கு வகுப்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆகவே வரச் சொல்வது சரி. வர முடியாமல் போன பிள்ளையிடம் பணம் பிடுங்குவது சரியல்ல. விட்டுப்போன பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதுதான் கல்லூரியின் வேலை.

உள்மதிப்பீடு எதற்காக வந்தது?

பிள்ளைகள் "இன்டர்னல்" என்று சொல்வது இதைத்தான். 100 மார்க்கில் 75 பல்கலைக்கழகப் பரீட்சைக்கு. 25 கல்லூரிக்குள்ளேயே வாத்தியார் போடுவது. டெஸ்டு, வீட்டில் எழுதி வரும் அசைன்மெண்ட், வகுப்பின் முன்னால் நின்று பேசும் செமினார், ஹாஜர் என்று அது பிரியும். பங்கு இடத்துக்கு இடம் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பாடங்களில் முன்பு 20ஆக இருந்த இந்தப் பங்கு, 2021ஆம் ஆண்டின் விதிகளில் 40 ஆயிற்று. அதாவது, வகுப்பு வாத்தியாரின் பேனாவில் இருக்கும் மார்க்கு இரண்டு மடங்காகிவிட்டது.

இதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1857இல் வெள்ளைக்காரன் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று ஊர்களில் பல்கலைக்கழகம் வைத்தான். லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக் கட்டியவை இவை. பாடம் சொல்வது கல்லூரியின் பொறுப்பு. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. வருஷம் முழுவதும் படித்தவனின் தலையெழுத்து 3 மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வருஷமே போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் கமிஷன் கருதியது. மூன்றில் ஒரு பங்கு மார்க்கை வருஷம் முழுவதும் செய்யும் வேலைக்கு ஒதுக்கச் சொன்னது. 1964-66இல் கோத்தாரி கமிஷனும் உள்மதிப்பீட்டை வற்புறுத்தியது. 1978இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாங்களே பரீட்சை நடத்தத் தொடங்கின.

ஆக, உள்மதிப்பீடு மாணவனைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுதி ஒட்டாத சட்டத்தோடு சேர்ந்தவுடன் அது என்னவாகிறது? "இன்டர்னலில் கை வைத்துவிடுவேன்" என்ற ஒரு சொல்லாகிறது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் இன்டர்னல். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் இன்டர்னல். கட்டணத்துக்கு ரசீது கேட்டால் இன்டர்னல். வேலி என்று போட்டது சாட்டையாகிவிட்டது.

25 மார்க்குதானே என்று எண்ண வேண்டாம். 60 வாங்கினால் முதல் வகுப்பு. இன்டர்னலில் 22 கிடைத்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் பரீட்சையில் 75க்கு 38 போதும். இன்டர்னலில் 10 போடப்பட்ட பிள்ளைக்கு 50 வேண்டும். 12 மார்க்கு வித்தியாசம்! வேலைக்கு ஆளெடுக்க வரும் கம்பெனிக்காரன் பல நேரம் 60க்குக் கீழே பேரைக்கூடக் கேட்பதில்லை. பேனாவின் ஒரு கீறலில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிறது.

ஒரே விடைத்தாள், பல மார்க்கு

"வாத்தியார் போடுகிற மார்க்கு தராசு மாதிரி; அதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?" என்று சிலர் சொல்வார்கள். தராசா? பார்ப்போம்.

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஓர் இங்கிலீஷ் விடைத்தாளைப் பிரதி எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே விடைத்தாள். ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் சிதறிக் கிடந்தார்கள்.

இன்னொரு சோதனை இங்கிலாந்தில் நடந்தது. அதை நடத்தியவர் பிலிப் ஹார்ட்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர். 1929இல் இந்தியக் கல்வியைப் பற்றி அறிக்கை கொடுத்த கமிட்டியின் தலைவர். 1935இல் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு பரீட்சைக்காரர்களைத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி இறுதிப் பரீட்சையின் சரித்திர விடைத்தாள்கள் 15. அவற்றை 14 பரீட்சகர்கள் திருத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடியும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 இடங்களில், பெயிலா, பாஸா, சிறப்பா என்ற தீர்ப்பே மாறிவிட்டது. தன் தீர்ப்பையே தான் மாற்றிவிட்டார் மனிதர்!

அவர்களை அயோக்கியர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பழகிய கைகள்தான். ஆனால் எதற்கு எத்தனை மார்க்கு என்று முன்கூட்டியே தெளிவாக வகுக்காவிட்டால், யோக்கியன் கையிலும் மார்க்கு ஆடும். பசியில் ஒரு மார்க்கு, சோர்வில் ஒரு மார்க்கு, அழகான கையெழுத்துக்கு ஒரு மார்க்கு. நேர்மையானவர் கதியே இப்படியென்றால், சாதியைப் பார்க்கிறவன், முகத்தைப் பார்க்கிறவன் கையில் அது என்ன ஆட்டம் ஆடும்?

செமினாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்து வந்த பெண்ணை எழுப்பி, இங்கிலீஷில் பேசச் சொல்கிறார்கள். பாடம் தெரியும், வாய் வரவில்லை. 5க்கு 1 போடுகிறார்கள். கான்வென்ட்டில் படித்தவன் பாடம் தெரியாமலேயே சரளமாகப் பேசி 5 வாங்கிவிடுகிறான். மார்க்கு எதற்குப் போடப்பட்டது? பாடத்துக்கா, நுனி நாக்குக்கா? இங்கிலீஷ் வழியில் நடக்கும் பாடமானாலும் பரீட்சையை உள்ளூர் பாஷையில் எழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எழுதும் கைக்கு உள்ள நியாயம் பேசும் வாய்க்கு இல்லையா?

வாத்தியார் பகையாளியா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் பாடம் நடத்துகிறவர்கள் ஏராளம். பேரில்தான் கௌரவம். நிரந்தர வேலை கிடையாது. மாதம் ஒரு தொகையோடு சரி. ஆலையில் பதிலித் தொழிலாளி படும் பாட்டைத்தான் அவரும் படுகிறார். ஒரு வகுப்பில் 60 பிள்ளை, அப்படி நாலைந்து வகுப்பு, கட்டுக்கட்டாக விடைத்தாள். ஒவ்வொன்றிலும் குறையை எழுதிக் காட்ட அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? காலியிடத்தை நிரப்பாத சர்க்காரும் கூலியை மிச்சம் பிடிக்கும் தனியார் நிர்வாகமும் செய்கிற வேலையின் விளைவு, கடைசியில் மாணவனும் வாத்தியாரும் மோதுவதாக வந்து நிற்கிறது.

எழுதி ஒட்டிய சட்டம் வாத்தியாரையும் காக்கும். "மேலிடத்துப் பையனுக்கு ரெண்டு மார்க்கு கூட்டிப் போடு" என்று நிர்வாகம் சொன்னால், "பலகையைப் பாருங்கள்" என்று அவர் சொல்லலாம் அல்லவா?

சலுகை மார்க்கு வேண்டாம்

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "ஏழை வீட்டுப் பிள்ளை, போட்டு விடுங்கள்" என்று நாம் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. வந்தவர் போனவர் எல்லோருக்கும் 25க்கு 25 போட்டு அனுப்புகிற கல்லூரிகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெற்றோருக்குச் சந்தோஷம், விளம்பரப் பலகை பெரிதாகிறது. மூன்று வருஷம் கழித்து வேலை கேட்டுப் போனால், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு எழுதத் தெரியவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். கட்டிய பணமும் போயிற்று, மூன்று வருஷமும் போயிற்று. செல்லாக் காசில் கூலி வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அசைன்மெண்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதும், செல்போனைக் கேட்டு எழுதவைத்து அப்படியே பிரதி எடுப்பதும், வராத நண்பனுக்கு "உள்ளேன்" சொல்வதும் சாமர்த்தியம் அல்ல. அம்மா குனிந்து நட்ட கூலியை வீணாக்குவது. நியாயமான சட்டம் கேட்கிறவன் அந்தச் சட்டத்தின்படி தானும் நடக்க வேண்டும். உரிமை கேட்கும் தொழிலாளி தறியை ஒழுங்காக ஓட்டுகிறவனாக இருந்தால்தான் அவன் பேச்சு எடுபடும்.

என்ன கேட்க வேண்டும்?

1. செமஸ்டரின் முதல் நாளே, எதற்கு எத்தனை மார்க்கு, எந்தத் தேதி, பிந்திக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்; பலகையிலும் ஒட்ட வேண்டும்.

2. இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் மாணவனுக்குக் காட்ட வேண்டும். திருத்திய தாள் கைக்குத் திரும்பி வர வேண்டும். குறை என்னவென்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும்.

3. ஹாஜர் குறைவுக்குப் பணம் வாங்குவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் விட்டுப்போன பாடத்துக்குத் தனி வகுப்பு வைக்க வேண்டும்.

4. கூலி வேலையும் வீட்டில் நோயாளியைப் பார்ப்பதும் நியாயமான காரணங்கள் என்று விதியில் எழுத வேண்டும்.

5. ஹாஜர் குறைவுக்கு இரட்டைத் தண்டனை கூடாது. செமினாரைத் தமிழில் பேசும் உரிமை வேண்டும்.

6. காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்களைப் போட வேண்டும். இது இல்லாமல் மேலே சொன்ன ஐந்தும் காகிதத்தில்தான் இருக்கும்.

எங்கே கேட்க வேண்டும்?

கேட்பதற்கு இடம் இருக்கிறது. 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் கமிட்டி இருக்க வேண்டும். அதில் பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் இடம் உண்டு. நேர்மையில்லாத மதிப்பீடும் அங்கே புகாராக எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய குறைதான். கமிட்டி 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழக அளவில் உள்ள குறைதீர் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

பல்கலைக்கழகப் பரீட்சைத் தாளைப் பற்றிய சந்தேகமா? 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. திருத்திய விடைத்தாளைப் பார்க்க எழுதியவனுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பு. "விடைத்தாள் ரகசியம்" என்று சொல்லி ஜன்னலை மூட முடியாது.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே! கமிட்டி பேப்பரில் இருக்கும்; யார் உறுப்பினர் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். தனியாகப் போன பிள்ளையை மிரட்டி அனுப்பவும் செய்வார்கள். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறேன். பத்துப் பிள்ளைகளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். கொடுத்த மனுவுக்கு முத்திரையோடு நகல் வாங்கட்டும். பின்னால் நாலு பெற்றோர் நிற்கட்டும்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். "நமக்கென்னங்க தெரியும், அவங்க படிச்சவங்க" என்று சங்க அலுவலகத்தில் மார்க்குப் பட்டியலை மடித்து வைத்துக்கொள்கிற தோழர்களைப் பார்க்கிறேன். தோழர்களே, சம்பளச் சீட்டில் பிடித்தம் கூடினால் எழுத்துக் கூட்டியாவது படித்துக் கேட்கிறோம் அல்லவா? மார்க்குப் பட்டியலும் ஒரு சம்பளச் சீட்டுதான். இன்று இரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: உன் ஹாஜர் எவ்வளவு? இன்டர்னல் எவ்வளவு? அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னார்களா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைப் பேச்சுக்கு எடுங்கள். கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்திலும் எடுங்கள். ஆலை வாசலில் பலகை மாட்டச் செய்தவர்கள் நாம். கல்லூரி வாசலிலும் மாட்டச் செய்வோம்!